உடும்பு கேட்ட ஒரு மாதம்

குளக்கரையில் ஒன்றும் மேட்டில் ஒன்றுமாக இரண்டு எறும்புப் புற்றுகள் இருந்தன. மழைக்கு முன் ஒன்றாகிவிட இரண்டும் முடிவு செய்தன. ஆனால் அந்தக் காட்டில் எந்த இரு கூட்டம் சேர்வதற்கும் உடும்பின் அனுமதி வேண்டும்.

குளக்கரைத் தலைவி எறும்பு உடும்பைப் பார்க்கப் போனது. "ஐயா, குளம் நிரம்பினால் எங்கள் முட்டைகள் மூழ்கிவிடும். உத்தரவைச் சீக்கிரம் தாருங்கள்."

"நீங்கள் சேர்ந்தால் மற்றவர்களுக்குத் தானியம் மிஞ்சுமா? குருவியையும் அணிலையும் விசாரிக்க வேண்டும். ஒரு மாதம் ஆகும்," என்றது உடும்பு.

மறுநாளும் போய்க் கேட்டது எறும்பு. அதே பதில்தான். மூன்றாம் நாள் குருவியையும் அணிலையும் கையோடு கூட்டிப் போனது.

"விசாரியுங்கள் ஐயா."

அணிலுக்கு மறுப்பில்லை. குருவிதான், "கம்பங்கொல்லையில் எனக்கு ஒரு மணிகூட மிஞ்சாது," என்றது.

எறும்பு பின்வாங்கவில்லை. "கொல்லையின் கிழக்குப் பாதியில் நாங்கள் கால் வைக்க மாட்டோம்," என்றது. குருவி சம்மதித்தது.

உடும்பு நெடுநேரம் யோசித்து, "சரி, சேர்ந்துகொள்ளுங்கள்," என்றது. பிறகு, "ஒரு மாத வேலை, எப்படி இத்தனை சீக்கிரம் முடிந்தது?" என்று கேட்டது.

"இவர்கள் இருப்பது உங்கள் பொந்துக்கு அடுத்த மரத்தில்தான் ஐயா," என்று சொல்லிவிட்டு, எறும்பு முட்டை சுமக்க ஓடியது.