திருநாளன்று ஓடிய தையல் மிஷின்

“கேக்குதா அக்கா? நல்லாக் காது குடுத்துக் கேளுங்க.”

எதிர்வீட்டு நஸ்தாசியா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஃப்ளோரியா காது கொடுத்தாள். கேட்டது. அடுத்த வீட்டில் சவேத்தாவின் தையல் மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

அதுவும் மாதா திருநாளில்! பூசை முடிந்து இரண்டு மணி நேரம்தான் ஆகிறது.

“இன்னிக்கு ஊசி எடுத்தா மாதா நெஞ்சுல குத்தின மாதிரி. அந்தக் கையாலயா நாளைக்கு மெழுகுவர்த்தி பிடிக்கப் போறா? எனக்கென்ன, உங்க பொண்ணு, உங்க இஷ்டம்.”

நாளைக்கு ஃப்ளோரியாவின் ஒரே மகள் தொரீனாவுக்குக் கல்யாணம். கோயிலில் மணமக்கள் தலையில் கிரீடம் வைக்கும்போது மெழுகுவர்த்தி பிடித்து நிற்கப்போகிற ஞானத்தாய் இந்த சவேத்தாதான். முப்பது வருஷத்துத் தோழி.

“யாருக்குத் தைக்கிறாளாம்?”

“வக்கீல் பொண்டாட்டிக்குப் பாவாடையா இருக்கும். அந்தம்மாதான் நேத்து வந்துட்டுப் போச்சு.”

ஃப்ளோரியா கல்யாண விருந்துக்காகக் கோஸ் இலையில் கறி பொதிந்துகொண்டிருந்த கையைக்கூடக் கழுவவில்லை. அப்படியே விறுவிறுவென்று போனாள்.

கதவு திறந்த சத்தத்தில் மிஷின் நின்றது. சவேத்தா சட்டென்று மேஜைவிரிப்பை எடுத்து மிஷின் மேல் போட்டு மூடினாள்.

“வா ஃப்ளோரியா. உக்காரு.”

“உக்கார வரல. இன்னிக்கு என்ன நாள்னு தெரியுமாடி உனக்கு?”

“தெரியும். காலையில உன் பக்கத்துலதானே நின்னேன்.”

“நின்னே. முழங்கால் போட்டே. கண்ணைத் தொடைச்சே. வீட்டுக்கு வந்ததும் மிஷின்ல உக்காந்துட்டே! அப்படி என்ன அவசரம்? வக்கீல் பொண்டாட்டி பாவாடை இல்லாமத் தெருவுல நிக்கிறாளா?”

வேறொரு நாளாக இருந்தால் சவேத்தா சிரித்திருப்பாள்.

“யாருக்குன்னு கேக்காதே. நாளைக்கு வேணும். முடிச்சாகணும்.”

“விரிப்பை எடு, பாக்கலாம்.”

“வேணாம் ஃப்ளோரியா.” இரண்டு கையாலும் விரிப்பை அழுத்திக்கொண்டாள்.

அந்தப் பிடிவாதம்தான் ஃப்ளோரியாவுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது.

“அப்பன் இல்லாத பொண்ணு தொரீனா. சுச்சாவா டவுன்லேருந்து மாப்பிள்ளை வீட்டு ஜனம் எண்பது பேர் வராங்க. அவ வாழ்க்கையில ஒரு குறையும் விழக்கூடாதுன்னு பதினாலு நாள் எண்ணெய்கூடத் தொடாம நோன்பு இருந்தேன். உனக்கு ஒரே ஒரு நாள் ஊசியைக் கீழ வைக்க முடியல!”

சவேத்தா விரிப்பிலிருந்து கையை எடுக்கவில்லை.

“மெழுகுவர்த்தியை எடு.”

“ஃப்ளோரியா...”

“எடு. என் மகளுக்கு நீ நிக்க வேணாம். என் அண்ணி நிப்பா.”

சவேத்தாவின் முகம் வெளுத்துப்போனது. மெல்ல எழுந்து, மாதா படத்துக்குக் கீழே வெள்ளை ரிப்பன் சுற்றி வைத்திருந்த இரண்டு மெழுகுவர்த்திகளையும் எடுத்து நீட்டினாள். ஃப்ளோரியா அவற்றை வாங்கிக்கொண்டிருந்தபோதே உள்ளேயிருந்து குரல் வந்தது.

“குடுக்காதீங்க!”

உள் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு தொரீனா வந்தாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

“நீ எங்கடி இங்க? சித்தி வீட்டுக்குப் போறேன்னுதானே சொல்லிட்டுக் கிளம்பினே?”

தொரீனா மிஷின் மேல் கிடந்த விரிப்பைப் பிடித்து இழுத்தாள்.

வெள்ளைக் கவுன். கிறிஸ்துமஸ் முடிந்து உட்கார்ந்தவள் ஈஸ்டர்வரை எழுந்திருக்காமல் ஃப்ளோரியா தன் கையால் தைத்த கல்யாணக் கவுன். முன்பக்கத் துணியைப் பிரித்து, புதுத் துணியைப் பாதி இணைத்திருந்தது. பிரித்த துணி தரையில் கிடந்தது. அதன் நடுவில் இஸ்திரிப்பெட்டி அளவுக்குப் பழுப்பாக ஒரு தீய்ந்த தடம்.

“நேத்து சாயங்காலம் நான்தாம்மா இஸ்திரி போட்டேன். தீஞ்சிருச்சு. உன்கிட்ட சொல்ல பயம். பூசை முடிஞ்சதும் கவுனையும் மிச்சமிருந்த துணியையும் எடுத்துக்கிட்டு இங்க ஓடி வந்தேன். அம்மாகிட்ட சொல்லாதீங்கன்னு சத்தியம் வாங்கிட்டேன்.”

“அதுக்காக இன்னிக்கா? திருநாள்லயா?”

“நானே தைச்சுக்கறேன்னுதான் மிஷின்ல உக்காந்தேன். இவங்க கையைப் பிடிச்சு எழுப்பி விட்டுட்டாங்க. ‘கல்யாணப் பொண்ணு நீ இன்னிக்கு ஊசி தொடாதே. அந்தப் பாவம் என் தலையில விழட்டும்’னு சொல்லிட்டு உக்காந்தாங்கம்மா.”

சவேத்தா தலையைக் குனிந்துகொண்டு பாவாடையில் ஒட்டியிருந்த நூலை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள், தப்பு செய்தவள்போல.

வாசலில் செருப்புச் சத்தம். நஸ்தாசியாவுக்குப் பொறுக்கவில்லை.

“அக்கா! கேட்டீங்களா? என்ன சொல்றா?” என்றபடியே படியேறி வந்தாள்.

ஃப்ளோரியா மெழுகுவர்த்திகளை சவேத்தாவின் கையில் திரும்ப வைத்தாள். கறி ஒட்டியிருந்த கையை இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் நன்றாகத் துடைத்தாள். மிஷின் முன்னால் உட்கார்ந்து, கவுனை ஊசிக்கு அடியில் இழுத்து வைத்து, மிதியைக் காலால் அழுத்தினாள்.

“ஐயையோ, நீங்களா அக்கா?”

“நான்தான். இந்த வீட்டுல இன்னிக்கு ஊசி எடுத்தது நான் ஒருத்திதான். தெருவுல அப்படியே சொல்லிடு நஸ்தாசியா.”