சூப்பர்வைசரின் இருமல்

"சார், எல்லார் முன்னாடியும் கேக்கறேன். என்மேல உங்களுக்கு என்ன கோபம்?"

பை தயாரிக்கும் கம்பெனியின் வாராந்திர மீட்டிங். கேட்டவள், புதிதாகச் சேர்ந்த டிசைனர். கேட்கப்பட்டவர், தையல் பிரிவு சூப்பர்வைசர். முதலாளிக்குப் பக்கத்து நாற்காலி அவருடையது.

"எனக்கா? கோபமா? என்னம்மா சொல்றே?"

"நான் பேசறப்ப மட்டும் ஏன் சார் இருமறீங்க? ஜிப்பைப் பத்திச் சொன்னா ஒரு இருமல். தோள் வாரைப் பத்திச் சொன்னா ரெண்டு இருமல். காலைல அக்கவுண்டன்ட் சார் பேசிக்கிட்டே இருந்தாரு, அப்ப உங்க தொண்டை கம்முனுதானே இருந்துச்சு?"

அக்கவுண்டன்ட் அவசரமாகத் தண்ணீர் குடித்தார்.

"சின்னப் பொண்ணு, இவளுக்கு என்ன தெரியும்னு நக்கல்! வேற என்ன?" அவள் விடவில்லை.

மேனேஜர் அம்மா மேஜையைத் தட்டினார். "வேலையைப் பத்திப் பேசலாம்மா, ஆளைப் பத்தி வேண்டாம். அவர் பக்கத்தையும் கேப்போமே. நீங்க சொல்லுங்க சார், ஏன் இருமறீங்க?"

சூப்பர்வைசர் வாயைத் திறந்தார். பக்கத்தில் இருந்த முதலாளியைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

"தப்புதாம்மா. இனிமே இருமமாட்டேன்."

"அப்படிச் சொல்லுங்க!" என்றார் முதலாளி கம்பீரமாக. "ஒருத்தர் பேசினா மத்தவங்க கவனமா கேக்கணும். அதுதான் மரியாதை."

அவளுக்கு மனசு குளிர்ந்துபோனது. இன்றைக்கு விட்டால் ஆகாது. மாலையே முதலாளி வெளியூர் கிளம்புகிறார். அவர் தலையை ஆட்டாவிட்டால், குழந்தைகளுக்கு முதுகு வலிக்காதபடி அவள் இழைத்து இழைத்துச் செய்த பை, பள்ளி திறப்பதற்குள் கடைக்குப் போகாது.

விளக்கை அணைத்தாள். இருட்டில் திரை போட்டுப் படம் காட்டிப் பேசுவது அந்த ஆபீசில் அவள் ஒருத்திதான். அதுவும் மதியச் சாப்பாடு முடிந்த கையோடு.

மடை திறந்த மாதிரி பேசினாள். ஜிப், வார், தண்ணீர் பாட்டிலுக்குத் தனி இடம். ஒரு செருமல்கூட இல்லை. வழக்கமாக நடுநடுவே, "ம்... சொல்லும்மா, அப்புறம்?" என்று கேட்கும் முதலாளிகூட இன்று குறுக்கே பேசவில்லை. அவ்வளவு லயித்துவிட்டார் போல என்று அவளுக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு போனது.

"அவ்வளவுதான் சார். நீங்க சரின்னா நாளைக்கே தைக்க ஆரம்பிச்சிடலாம்."



விளக்கைப் போட்டாள். முதலாளியின் முகவாய் நெஞ்சில் இறங்கியிருந்தது. லேசாகக் குறட்டை.

மேனேஜர் அம்மா கூரையைப் பார்த்தார். அக்கவுண்டன்ட் தன் பேனாவைப் பார்த்தார். தட்டி எழுப்ப யாருக்குத் தைரியம்? சூப்பர்வைசர் மட்டும், சொன்ன சொல் தவறாமல், கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருந்தார்.

அவளுக்குச் சுரீரென்றது. அவர் பக்கம் போய் மெல்லக் குனிந்தாள்.

"தப்பா நினைச்சுட்டேண்ணே... ஒரே ஒரு தடவை இருமுங்களேன்!"