அடுத்த அறையிலிருந்து ஒரு குரல்

கொரோனாவில் இரண்டு வருடம் போனிலேயே படித்தவர்களுக்குப் பல்கலைக்கழகம் திறந்ததும் வாய்மொழித் தேர்வு வைத்தார்கள். கடல் உயிரியல் மாணவி ஷீபா, பேராசிரியை செண்பகவல்லியின் எதிரே உட்கார்ந்தாள். முதல் கேள்விக்கே குரல் எழும்பவில்லை.

“தண்ணி குடிம்மா.”

குடித்தும் பயனில்லை. கடைசியில் கிசுகிசுத்தாள்: “மேடம், நீங்க பக்கத்து ரூம்ல இருந்து போன்ல கேக்கறீங்களா?”

செண்பகவல்லிக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அம்மா இறந்த வாரத்தில் தானும் கேமராவை அணைத்துவிட்டுத்தான் பாடம் நடத்தினோம் என்று தோன்றியதும் எழுந்து பக்கத்து அறைக்குப் போனார்.

போனில் ஷீபா தயங்காமல் பேசினாள். கடலடிப் புல்வெளியில் கடற்பசு மேய்ந்துபோன தடத்தையும், அந்தத் தடத்தில் புல் மறுபடி தளிர்ப்பதையும் கூடவே நீந்திப் போனவள் போலச் சொன்னாள். அடுத்த கேள்வியைக் கேட்கவே மறந்து செண்பகவல்லி ஜன்னலோரம் நின்றார்.

திடீரென்று அதே குரல் முதுகுக்குப் பின்னாலும் கேட்டது. திரும்பினார். போனைக் காதில் வைத்தபடி, கண்களை மூடிக்கொண்டு, பேச்சை நிறுத்தாமலே ஷீபா வாசலில் நின்றிருந்தாள்.

மூச்சு விடவும் பயந்தவராக, செண்பகவல்லி தன் போனை மெல்லக் காதிலிருந்து இறக்கினார்.