கதவு பார்க்காத தூரம்

அடியில் இருப்பதுதான் புதுச் சரக்கு என்று, அந்த சூப்பர் மார்க்கெட்டில் கோபுரமாக அடுக்கியிருந்த நெய் பாட்டில்களின் கீழ்வரிசையிலிருந்து ஒன்றை உருவியது நான்தான். கோபுரம் சரிந்ததும் நெய்யில் வழுக்கியபடியே வெளியே ஓடியதும் நான்தான். அன்றிலிருந்து வாசல் கேமரா என் முகத்தைக் கண்டால் சிவப்பு விளக்கு எரியும். கண்ணாடிக் கதவு திறக்காது. என்னை இவ்வளவு ஞாபகம் வைத்திருப்பது உலகத்திலேயே அந்தக் கதவு ஒன்றுதான் என்று சிரித்துவிட்டு வேறு கடைக்கு மாறிக்கொண்டேன்.

போனிலேயே இன்டர்வியூ முடித்த என் மகள் சுடர்க்கொடிக்கு இன்று அதே கடையில் வேலைக்கு முதல் நாள். ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கினேன். அவள் கதவருகே போனாள்; நானும் பின்னாலேயே படியேறினேன். சிவப்பு விளக்கு எரிந்தது.

"அப்பா, நீங்க பக்கத்துல நிக்காதீங்க. ஒன்பது மணிக்குள்ள உள்ள போகலேன்னா வேற ஆளப் போட்டுருவாங்க."

படியிறங்கி நின்றேன். சிவப்புதான். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு சாலையைக் கடந்து, பழவண்டிக்குப் பின்னால் குந்தினேன். அன்னாசிகளுக்கு நடுவே எட்டிப் பார்த்தேன். அவள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் கேமரா முன் நின்றாள். மறுபடியும் சிவப்பு.

வாசல் காவலாளி போனில் யாரிடமோ பேசிவிட்டு, சாலையைக் கடந்து என்னிடம் வந்தார்.

"இன்னும் எவ்வளவு தூரம்ண்ணே போகணும்? சொல்லுங்க, போயிடறேன்" என்றேன்.

அவர் என் ஹெல்மெட்டுக்குள் குனிந்து பார்த்தார்.

"எவ்ளோ தூரம் போனாலும் பிரயோஜனமில்ல சார். பாப்பா அப்படியே உங்கள உரிச்சு வச்சிருக்கு."