நடுப்பலகை

கடலாடியில் சவுண்டு சர்வீஸ்காரர்களுக்குப் பாஸ் பெட்டி அடித்துத் தருபவன் கூத்தையா. பெட்டிக்கு இரண்டு ஸ்பீக்கர். முடித்ததும் ஒன்றை உள்ளங்கையால் மெல்ல அமுக்குவான். காற்று எங்கும் கசியாவிட்டால் மற்றது வெளியே தள்ளும். அதில் கை வைத்திருக்கும் மனைவி மாரிச்செல்வி, "வருதுங்க" என்பாள்.

அவள் செத்துப்போன பிறகு தனியாக அமுக்கிப் பார்க்க அவனுக்கு மனசு வரவில்லை. பெட்டிக்கு நடுவில் பலகை அடைத்து இரண்டையும் பிரித்துவிட்டான். இனி ஒன்றின் காற்று மற்றதுக்குப் போகாது.

அப்படி அடித்த முதல் பெட்டி ஏர்வாடிக்குப் போகவேண்டும். ஒயர்கூட இன்னும் மாட்டவில்லை. தூசி துடைக்க ஒன்றின்மேல் கை வைத்தான். மற்றது தானாக உள்ளே அமுங்கியது. அவன் கைக்கடியில் இருந்த ஸ்பீக்கர் மெல்ல எழும்பியது.

கையை எடுக்காமல், "வருது புள்ள" என்றான் கூத்தையா.