யார் பொறுப்பு?

"இந்தம்மாவுக்கு யார் பொறுப்பு?"

ஹரிகிருஷ்ணன் பேனாவைத் திறந்தபடியே கேட்டார். செய்யூரைத் தாண்டிக் கடலோரம் இருந்த அந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில், ஒரு நோயாளியின் பொறுப்பை யார் யார் எவ்வளவு பகிர்ந்துகொள்கிறார்கள் என்று அளந்து மார்க் போட வந்திருந்த ஆபீசர் அவர்.

அவர் கேட்டது, பெஞ்சில் படுத்திருந்த கன்னியம்மாவைப் பற்றி. நிறைமாதம். முகமும் காலும் வீங்கிக் கிடந்தன.

"பிரஷர் பார்க்கிறது மட்டும்தான் சார் நானு," என்றாள் நர்ஸ் தேவிப்பிரியா. "ரொம்ப ஏறியிருக்கு. பயமா இருக்கு சார்."

"மருந்து?"

"எழுதினா எடுத்துக் குடுப்பேன்," என்றார் பார்மஸிஸ்ட் ஞானதாஸ்.

"எழுதறது?"

"பொறுப்பு டாக்டர் சார். வேற ரெண்டு ஊரும் அவர் தலையிலதான். காலையிலேர்ந்து போன் போடறோம், லைன் கிடைக்கல," என்றாள் தேவிப்பிரியா.

சர்க்காரில் இது ஒரு வேடிக்கை. ஆள் போடாத இடத்துக்குப் பக்கத்து ஊர் டாக்டரின் பெயரை எழுதிவிட்டு, அதற்குப் 'பொறுப்பு' என்று பெயரும் வைத்துவிடுவார்கள்.

"ஆக, ஆளாளுக்குக் கை காட்டறீங்க. வெட்கமா இல்லை?" ஹரிகிருஷ்ணன் மார்க் தாளில் முட்டையைச் சுழித்தார்.

கன்னியம்மாவின் புருஷன் சின்னையன் கிட்டே வந்தான். "சார், கண்ணு தெர்லன்றா சார். இன்னா பண்றதுன்னே புரியல. செங்கல்பட்டுக்கு இட்டுகினு போவட்டுமா?"

"நர்ஸைக் கேளுப்பா. நான் கணக்கெடுக்க வந்தவன்."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, கன்னியம்மாவின் கை கால் வெட்டி இழுத்தது. வாயில் நுரை.

"ஐயோ, இழுத்துகினு கீதே! யாராச்சும் வாங்களேன்!"

தேவிப்பிரியா ஓடிப்போய் அவளை ஒருக்களித்துப் பிடித்தாள். "வலிப்பு ஊசி இருக்கு. ஆனா டாக்டர் சொல்லாம போடக் கூடாதே!"

ஞானதாஸ் மறுபடியும் போனைச் சுழற்றினார். செத்துக் கிடந்தது. கன்னியம்மாவின் உதடு நீலம் பாரித்தது. ஹரிகிருஷ்ணன் நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

தேவிப்பிரியா ஞானதாஸிடம் கை நீட்டினாள். தாயும் பிள்ளையுமாக இரண்டு உயிர்.

"குடுங்க சார். வேலை போனா போகட்டும். நான்தான் பொறுப்பு."

"நீ மட்டும் ஏம்மா?" ஞானதாஸ் ஊசி மருந்துக் குப்பியை உடைத்தார். "எழுதாமலே குடுத்தது நான். விசாரணைன்னு வந்தா ரெண்டு பேருமா நிப்போம்."

ஊசி இறங்கியது. கொஞ்சம் கொஞ்சமாக இழுப்பு அடங்கியது. வயிற்றில் காது வைத்துக் கேட்ட தேவிப்பிரியா, "குழந்தை துடிப்பு இருக்கு," என்றாள். சின்னையன் தரையிலேயே உட்கார்ந்து அழுதான்.

"வண்டி பிடிங்க. உடனே செங்கல்பட்டு போயாகணும்!" என்றாள் தேவிப்பிரியா.

அப்போது வாசலில், ஆபீசர் வந்த ஜீப்பின் டிரைவர் தலை நீட்டினான்.

"டாக்டர் சார், அடுத்த ஊருக்கு லேட்டாவுது. ஜீப்ப எடுக்கட்டா?"

எல்லோரும் ஹரிகிருஷ்ணனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீங்க... டாக்டரா சார்?" தேவிப்பிரியா கேட்டாள்.

அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

"டாக்டர்தான். ஆனா, இந்த ஆஸ்பத்திரிக்கு நான் பொறுப்பு இல்லையேம்மா!"