குச்சிக் கட்டு

“போர் வரட்டும், வராமப் போகட்டும்! அந்தக் குச்சிக் கட்டை மட்டும் அடுப்புல போட்டுடாதீங்க முதலாளி!”

நேதன் பாய்ந்து வந்து மறித்தான். அமெரிக்காவின் வடக்கே, லின் நகரத்துப் பூட்ஸ் பட்டறை முழுக்கச் சிரித்தது.

முதலாளி ஹாஸ்கல் கையில் இருந்தது தென் கரோலினாப் பருத்தித் தோட்டம் ஒன்றின் ஆர்டர். தோட்டக்காரர்கள் ஒவ்வோர் அடிமையின் பாத நீளத்துக்கும் ஒரு குச்சி வெட்டி, பெயரைக் கீறி, கப்பலில் அனுப்பிவிடுவார்கள். வயலில் இறங்கி உழைக்கிறவர்களுக்குத்தான் பூட்ஸ். மற்றவர்களுக்கு வெறுங்கால்.

“ஒரு பக்கம் நாட்டை விட்டுப் பிரியிறேன்னு குதிக்கிறானுங்க. இன்னொரு பக்கம் பூட்ஸ் அனுப்புன்னு கடுதாசி! என்ன திமிரு பாத்தியா?” என்றார் ஹாஸ்கல்.

“அவன் பருத்தி இல்லாம நம்ம மில்லு ஓடாது. நம்ம பூட்ஸ் இல்லாம அவன் வயல் ஓடாது. அப்புறம் எதுக்குய்யா சண்டை?” என்று கேட்டான் அப்னர், ஊசியில் நூல் கோத்தபடி.

“அடிமை வச்சுப் பொழைக்கிற பொழப்பை மேற்கே புது மண்ணுக்கும் கொண்டுபோவேங்கிறானே, அதுக்குத்தான்! அங்க சும்மா வேலை செய்ய ஆள் இருந்தா, கூலிக்காரன் நம்மளை எவன் சீந்துவான்?” தோல் வெட்டும் கிழவர் கத்தினார்.

“சண்டை போடத் துப்பாக்கியும் நம்மகிட்டதான் வாங்கணும் அவனுங்க!” என்றான் மூலையிலிருந்து ஒருவன்.

எல்லாரும் சுத்தியலால் பலகையைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். நேதன் மட்டும் குச்சிக் கட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“கூலி வேண்டாம் முதலாளி. மொத்த ஆர்டரையும் நானே தைச்சுத் தர்றேன்.”

“அடேங்கப்பா!” என்றான் அப்னர். “அடிமைத்தனம் ஒழிகன்னு ஞாயித்துக்கிழமை தொண்டை கிழியக் கத்துறவன் நீதானே? பக்கத்துப் பட்டறையில அதிகக் கூலி கிடைச்சும், இந்தத் தோட்டத்து ஆர்டர் வர்ற இங்கதான் சேருவேன்னு ஆறு மாசம் முன்னாடி ஒத்தைக் கால்ல நின்னே. தோட்டக்காரன் மேல அம்புட்டுப் பாசமா?”

ஹாஸ்கல் அலுத்துப்போய்க் குச்சிக் கட்டை மேசைமேல் வீசினார். நேதன் அவசரமாக அவிழ்த்தான். ஒவ்வொரு குச்சியாகப் பெயரைப் பார்த்துத் தள்ளினான். ‘டில்சி’ என்று கீறியிருந்த குச்சி வந்ததும், “இருக்கா!” என்று கூவினான். சந்தோஷம் தாங்காமல் கிழவரைக் கட்டிக்கொண்டான்.

“பைத்தியம் முத்திருச்சு,” என்று அப்னர் கடைசிக் குச்சியை எடுத்துக் காட்டினான். ஒரு சாண்கூட இல்லை. “இதைப் பாருங்கப்பா, சின்னப் பயலைக்கூட வயல்ல இறக்கிட்டானுங்க! பேரு… குவாஷாம்.”

நேதனின் சிரிப்பு அப்படியே நின்றது. அந்தக் குச்சியை வாங்கித் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான்.

எட்டு வருடங்களுக்கு முன், மாதம் நிறைந்த டில்சியை விட்டுவிட்டு அந்தத் தோட்டத்திலிருந்து தப்பி ஓடிவரும்வரை, நேதனின் பெயரும் குவாஷ்தான்.

“முதலாளி,” என்றான் நேதன். “போர் எப்ப ஆரம்பிக்கும்?”